பிரதோஷத் தண்ணீர்

வேலை நேரத்தில் அம்மா என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். முதல் நாள் ஏன் என்று கேட்டேன். "மத்த பொம்பளைங்க எல்லாம் சார்னு கூப்புட்டுகினு இருக்கும்போது நான் மட்டும் டேய்னா நல்லாவா இருக்கும்?" என்றாள். அதில் கொஞ்சம் கிண்டல் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. குறிஞ்சிப்பாடி பக்கத்திலிருந்து இருவரும் என் வண்டியில்தான் நெய்வேலிக்கு வருவோம். ஆனால் நாங்கள் வேலை செய்கிற மண்மேட்டுக்குத் திரும்பும் சாலை வருவதற்கு முன்பே என் தோளைத் தட்டுவாள். அங்கே இறங்கி, பஸ்ஸில் வருகிற தன் ஆட்களோடு சேர்ந்து நடந்து வருவாள். சூப்பர்வைசர் வண்டியில் ஜம்மென்று வந்து இறங்கினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான்தான். அதற்குமேல் கல்லூரியில் தாவரவியல் படித்தேன். அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று ஊரில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நெய்வேலியில் சுரங்கத்துக்காக வெட்டியெடுத்த மண் மலைமலையாக நிற்கிறது. அப்படி ஒரு மேட்டில் மரம் வளர்க்கும் வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டர் ஒருவருக்கு மரங்களைப் பற்றித் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. அவரிடம் குழி வெட்டுகிற பெண்கள் கூட்டத்தில் அம்மா ஏற்கெனவே இருந்தாள். "என் புள்ள மரத்துக்குத்தாங்க படிச்சிருக்கான்" என்று அவரிடம் போய் நின்றாள். எனக்கு வேலை கிடைத்த கதை அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லோரும் எங்கள் ஊர், பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் எங்கள் எதிர்வீட்டு அத்தை. சொந்த அத்தை இல்லை, சின்ன வயதிலிருந்து கூப்பிட்டுப் பழகிய முறை. வாய் கொஞ்சம் அதிகம், ஆனால் அவர் கடப்பாரையைப் பிடித்தால் அன்றைய குழிகள் மதியத்துக்குள் முடிந்துவிடும்.

மேட்டின் பெரும்பகுதியில் வேம்பும் புங்கனும் சொன்ன பேச்சைக் கேட்டு வளர்ந்தன. கிழக்கு ஓரத்தில் மேல்தட்டில் ஒரு துண்டு மட்டும் வசப்படவில்லை. ஆழத்தில் கிடந்த உவர்மண் அந்த இடத்தில் மேலாக விழுந்திருந்தது. வெயில் ஏறினால் தரை வெள்ளையாகப் பூக்கும். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் சட்டை முதுகில் வியர்வை காய்ந்து ஒரு கோடு தெரியுமே, அதே வெள்ளை. பெண்கள் அதற்கு உப்பளம் என்று பேர் வைத்திருந்தார்கள். முந்தைய வருடம் அங்கே நட்ட வேப்பங்கன்றுகள் ஒன்றுவிடாமல் கருகிப்போயிருந்தன.

கான்ட்ராக்டர் என்னை அந்த இடத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்திச் சொன்னார். "தம்பி, இந்தத் துண்டு கோடைய தாண்டி நின்னாத்தான் பக்கத்து மேடும் நமக்குக் கெடைக்கும். இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும். அவன் அவனோட ஆளுங்களக் கூட்டியாந்துடுவான்."

அப்படிப் போனால் இந்தப் பெண்களுக்கு அடுத்த வருடம் வேலை இல்லை. அம்மாவுக்கும் இல்லை. எனக்கு எங்கேயாவது ஏதாவது கிடைக்கும். அம்மா வயதில் புதிதாக ஒரு கூட்டத்தில் போய்ச் சேருவது லேசான காரியமில்லை. அன்று அந்த வெள்ளைத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் படிப்பெல்லாம் இதற்காவது உதவ வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

பாலைவனத்து மரங்களை வைக்கலாம் என்று தோன்றியது. உப்பு மண்ணில் நிற்கிற செடிக்கு ஒரு விசித்திரமான சங்கடம் உண்டு. பக்கத்திலேயே ஈரம் இருந்தாலும் உப்பு அதைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருக்கும், வேரால் இழுக்க முடியாது. தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டு தாகத்தில் சாகிற நிலை. கல்லூரியில் ஒருமுறை எங்களைக் கடலோரச் சதுப்புக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். அங்கிருந்த வெண்கண்டல் மரத்தின் இலையை நாக்கில் வைத்தால் கரித்தது. உள்ளே வந்துவிட்ட உப்பை அந்த மரம் இலைவழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பாலைவனத்து உகாய் மரம் வேறு மாதிரி. உப்பைத் தன் தடித்த பழைய இலைகளில் சேர்த்துவைத்து, இலையோடு சேர்த்து உதிர்த்துவிடும். வன்னிக்கு இன்னொரு வழி. மேலே இலை காட்டுவதற்கு முன்னால் கீழே வேரை இறக்கும். மேல்மண்ணின் உப்பையும் சூட்டையும் கடந்து ஆழத்து ஈரம்வரை நேராகப் போகும். ரொம்பவும் காய்ந்தால் இலையைக் கொட்டிவிட்டு உயிரை வேரில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கும்.

ஓரங்களில் உகாயும் நடுவில் வன்னியுமாக நடலாம் என்று எழுதிக்கொடுத்தேன். ஐப்பசி மழையில் கன்றுகள் வந்தன. உகாய் இலையை அத்தை கிள்ளி மென்றுபார்த்தார். "கடுகு தாளிச்ச மாதிரி உறைக்குது. உப்பும் இருக்குது. சோத்துக்குத் தொட்டுக்க வேற எதுவும் வாணாம்" என்றார். வன்னிக் கன்றைக் கையில் எடுத்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது கோயில் மரமாச்சே சார்."

"ஆமாம் அத்தை. பாலைவனத்து மரமும் இதுதான்."

"அது எங்கனா இருக்கட்டும். இங்க இது ஈஸ்வரன் மரம்." சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பின்னால் இருந்தவர்களும் கழற்றினார்கள். அம்மாவும்தான். வன்னி நட்டு முடிக்கும்வரை அந்தக் கூட்டம் வெறுங்காலோடு நின்றே வேலை செய்தது. நானும் பூட்ஸைக் கழற்றினேன், கழற்றாமல் அங்கே நிற்க முடியவில்லை.

மழைக்காலம் முடிகிறவரை பிரச்சினை இல்லை. பொங்கலுக்குப் பிறகு தண்ணீரில்தான் சிக்கல் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தண்ணீரை அளந்து பழக்கமில்லை. சுரங்கம் மூழ்காமல் இருப்பதற்காக இரவும் பகலும் தண்ணீரை இறைத்து வெளியே விடுகிற ஊர் இது. நகரியத்துக்குள் எந்த பிளாக்குக்குப் போனாலும் குவார்ட்டர்ஸ் வாசலில் யாராவது ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு பலாமரத்துக்கும் செம்பருத்திக்கும் ஊற்றிக்கொண்டிருப்பார். மேட்டுக்கும் தினமும் டேங்கர் வந்தது. கன்றுக்கு ஒரு மக் தண்ணீர் என்று கணக்கு.

நான் அதை நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொரு கன்றையும் சுற்றி அகலமாகப் பாத்தி கட்டி, பதினைந்து நாளைக்கு ஒருமுறை பாத்தி நிறைய ஊற்றினால் போதும் என்றேன். அப்படி ஊற்றினால் தண்ணீர் உப்பைக் கரைத்துக் கீழே தள்ளும், வேரும் தண்ணீரின் பின்னால் கீழே போகும் என்று சொன்னேன். டேங்கர் நடை குறைகிறது என்பதால் கான்ட்ராக்டர் உடனே சரி என்றார். பெண்கள் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னா சார், சாமிக்கே ஏகாதசி விரதமா?" என்று அத்தை கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்தி கட்டப் போனாள்.

பங்குனியில் வன்னிகள் இலையைக் கொட்ட ஆரம்பித்தன. சித்திரை பிறந்தபோது அந்தத் துண்டில் நின்றவை வெறும் முள்குச்சிகள். பார்ப்பதற்கு விறகுக்கு வெட்டி நட்டுவைத்த மாதிரி இருந்தன. ஓரத்து உகாய்களில் பாதிக்குமேல் பச்சையாக இருந்தன, ஆனால் யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. ஊரில் டீக்கடையில் என் காதுபடவே ஒருவர் சொன்னார், "படிச்சவன் சாமி மரத்தைப் பட்டினி போட்டுகினு இருக்கான்." அம்மாவிடம் வேறு மாதிரி கேட்டிருப்பார்கள். அவள் என்னிடம் அதைச் சொன்னதில்லை. வண்டியில் வரும்போது பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

கான்ட்ராக்டர் வந்து பார்த்தார். ஒரு குச்சியைக் காலால் அசைத்தார். "தம்பி, சுரங்க ஆபீசுல இருந்து பாக்க வந்தாங்கன்னா நான் என்னா காட்டுறது? எல்லாத்தயும் புடுங்கிட்டு வேற எதனா பச்சையா வெச்சிடலாம்."

"சார், உயிர் இருக்கு. பாருங்க." நகத்தால் ஒரு தண்டின் தோலைக் கீறினேன். உள்ளே இளம்பச்சை தெரிந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"பச்ச உள்ள இருந்து என்னா? வெளில இல்லியே." நிமிர்ந்தார். "அக்னி நட்சத்திரம் முடியட்டும். அன்னிக்கு இதே மாதிரி நின்னா புடுங்கிடுவேன். அப்புறம் என்னக் கேக்காத."

அதன் பிறகு தினமும் நகத்தால் கீறிப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அந்தத் துண்டின் தூரக் கோடியில் இருந்த வன்னிகளைக் கீறினால் பச்சை. நாங்கள் சாப்பாட்டுக்கு உட்காருகிற கீற்றுக்கொட்டகைக்கு அருகில் இருந்தவற்றைக் கீறினால் பழுப்பு. சில கன்றுகள் காய்ந்து உடைந்தே போயின. ஒரே மண், ஒரே குழி, ஒரே நாளில் ஊற்றிய தண்ணீர். கொட்டகையின் நிழல் காரணமா என்று பார்த்தேன், இல்லை. எலி கடிக்கிறதா என்று பார்த்தேன், அதுவும் இல்லை. மேல்மண்ணை அள்ளிப்போய் நகரியத்தில் படிக்கிற நண்பன் ஒருவனிடம் கொடுத்து ஆராய்ந்து பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் வண்டியில் பெட்ரோல் போட நிற்காமல் வந்ததால் சீக்கிரம் வந்துவிட்டோம். அம்மா வழக்கம்போல முன்னாலேயே இறங்கிக்கொண்டாள். நான் மேட்டின் மறுபக்கம் வேப்பங்கன்றுகளைப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தபோது பெண்கள் வந்து டிபன் கூடைகளை மாட்டிவிட்டு வேலைக்குக் கலைந்திருந்தார்கள். கொட்டகைக்கு முன்னால் இருந்த வன்னிகளின் அடியில் தட்டு அகலத்துக்கு மண் நனைந்து கறுத்திருந்தது. ஒன்றின் அடியில் மட்டுமில்லை. ஒவ்வொன்றிலும். நனைந்த வட்டத்தைச் சுற்றி, கோலப்பொடியால் கரை போட்டது மாதிரி உப்பு வெள்ளை. தண்டில் ஒரு மஞ்சள் கயிறு, ஒரு பொட்டுக் குங்குமம்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாவிடம் கேட்டேன்.

"கொட்டாய் கிட்ட இருக்கற மரத்துக்கு யாரும்மா தண்ணி ஊத்துறது?"

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "எல்லாருந்தான். ஆளுக்கு ஒரு மரம் வெச்சிருக்கோம்."

"நீயுமா?"

"நானும்தான். ஒரு கை தண்ணி. குடிக்கக் கொண்டாற பாட்டில்ல இருந்து, வாயில வெக்கறதுக்கு முன்ன."

"ஏம்மா, நான் அவ்ளோ தூரம் சொல்லியும்..."

"நாம குடிக்கறோம், அது பாத்துகினு நிக்குது. நம்ம வூட்டு வாசல்ல ஒருத்தர் நின்னா குடிப்பமா? அதுவும் ஈஸ்வரன் மரம்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தணிந்து சொன்னாள். "ஒரு கை தண்ணிடா. ஒரு கை தண்ணியில எந்த உசுராச்சும் சாவுமா?"

ஒரு கையளவு என்பதால்தான் சாகிறது என்று எப்படிச் சொல்வது? மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அந்தத் தண்ணீர் ஒரு விரற்கடைக்குமேல் கீழே இறங்காது. பத்து மணி வெயில் அதை மறுபடி மேலே இழுத்துவிடும். வரும்போது அது மண்ணின் உப்பையும் சேர்த்துக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். கீழே போக வேண்டிய வேர், மேலே தினமும் ஈரம் கிடைக்கிறதே என்று அங்கேயே சுற்றும். கடைசியில் உப்புக்கு நடுவில் வேர் மாட்டிக்கொள்ளும். அம்மா முழுவதையும் கேட்டாள். நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை.

"அப்ப காட்டு" என்றாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டேன். கொட்டகைக்கு முன்னால் காய்ந்துபோன கன்று ஒன்றைத் தொட்டேன். "அது என்னுது" என்றாள் அம்மா. இழுத்ததும் சுலபமாக வந்துவிட்டது. வேர் ஒரு கைப்பிடி நூல்கண்டு மாதிரி மேலேயே சுருண்டிருந்தது. அதன்மேல் மாவு தூவியது போல உப்பு. அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டியிருந்த மஞ்சள் கயிற்றை அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அத்தைக்கு அது போதவில்லை. "செத்தது இப்டித்தான் இருக்கும். உசுரோட இருக்குதுன்னு சொல்றியே, அதத் தோண்டிக் காட்டு." கோபத்தில் சார் போய்விட்டிருந்தது.

உயிரோடு இருப்பதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. கோடியில் நின்ற ஒரு கன்றின் பக்கவாட்டில் பள்ளம் வெட்டலாம், வேர் போகிற வழியை மட்டும் பார்க்கலாம் என்றேன். கடப்பாரையை நான் எடுப்பதற்குள் அத்தை எடுத்துவிட்டார். முழங்கால் ஆழம்வரை வேர் பென்சில் கனத்தில் நேராகப் போனது. பக்கத்தில் பிரியவே இல்லை. மேல்மண்ணின் வெள்ளை அங்கே இல்லை. அம்மா இறங்கி மண்ணை வாரி மேலே போட்டாள். இடுப்பளவு ஆழம் ஆனது. மண் கறுத்துக் குளிர்ந்து இருந்தது. ஒரு கை மண்ணை எடுத்து அம்மா கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்போதும் வேர் முடியவில்லை. மேலே கண்ணுக்குத் தெரிகிற குச்சி முழங்கை நீளம்கூட இல்லை.

கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அத்தை மூச்சு வாங்கினார். "எங்கடா போவுது இது? சுரங்கத்துல கரி வெட்ட ஷிப்ட்டுக்குப் போவுதா?"

"சுரங்கத்துல பெர்மனன்ட் ஆயிட்டிருக்கும் அத்தை" என்றாள் ஒருத்தி. பள்ளத்துக்குள்ளிருந்து அம்மா சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

பள்ளத்தைப் பக்குவமாக மூடினோம். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் மண்ணைத் தட்டிக்கொண்டே ஒருத்தி கேட்டாள். "எல்லாம் சரி சார். ஆனா சாமிக்கு ஒரு கை தண்ணி விடாம நான் எப்டி தண்ணி குடிக்கறது?" விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அது அவளுக்கு நிஜமான கஷ்டம். அறிவியல் வேறு, பக்தி வேறு என்று சொல்லிவிட்டுப் போகலாம். சொன்னால் நாளைக் காலையில் மறுபடி மரத்தடி நனைந்திருக்கும்.

அம்மாதான் விரலை மடக்கி யோசித்துக்கொண்டிருந்தாள். "சார் பதினஞ்சு நாளைக்கு ஒருவாட்டின்னு சொல்றாரு. பிரதோஷமும் பதினஞ்சு நாளைக்கு ஒருவாட்டிதான வருது?"

அத்தை அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "டேங்கர அன்னிக்கு வரச் சொல்ல முடியுமா?"

"சொல்லலாம்."

"அப்ப ஒண்ணு பண்ணலாம். தினத்துக்கும் ஒரு சொட்டு வெச்சு சாமிய ஏமாத்த வாணாம். பிரதோஷத்தன்னிக்கு குடங்குடமா அபிஷேகமே பண்ணிடுவோம். வவுறு நெறைய."

அடுத்த பிரதோஷத்தன்று டேங்கர் சாயங்காலம் வந்தது. வேலை முடிந்தும் யாரும் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை. வெறுங்காலோடு வரிசையில் நின்று குடம் மாற்றினார்கள். பாத்தி நிறைந்து, வற்றி, மறுபடி நிறைகிறவரை ஊற்றினார்கள். நான் சொன்னதைவிட அதிகம்தான், நான் தடுக்கவில்லை. டேங்கர் டிரைவர் இறங்கி வந்து பார்த்துவிட்டு அவரும் செருப்பைக் கழற்றி வண்டியில் போட்டார். மறுநாள் காலையில் கொட்டகைக்கு முன்னால் போய்ப் பார்த்தேன். மரத்தடியில் புதிதாக எந்த ஈரமும் இல்லை. பாட்டிலைத் திறந்த அம்மா மரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குடித்தாள்.

அக்னி நட்சத்திரம் பாதி கடந்தது. துளிர் எதுவும் வரவில்லை. மழைக்கு முன்னால், நடுக்கோடையிலேயே வன்னி துளிர்க்கும் என்று படித்திருக்கிறேன். படித்தது பாலைவனத்து வன்னியைப் பற்றி. நெய்வேலி மண்மேட்டு வன்னிக்கு அது தெரியுமா என்பதுதான் சந்தேகம். இன்னொரு பிரதோஷமும் ஊற்றினோம். அக்னி நட்சத்திரம் முடிந்த அன்று, நாளை வருவதாகக் கான்ட்ராக்டர் போனில் சொன்னார். அதற்கு முன்னாலேயே சில நாளாக நான் அந்தத் துண்டின் பக்கம் போகவில்லை, போய்ப் பார்க்கப் பயம்.

"சார்" என்று அன்று மதியம் அம்மா கூப்பிட்டாள். சத்தமாகக் கூப்பிடவில்லை. பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள். "வந்து பாருங்க."

கோடியில் நாங்கள் பள்ளம் வெட்டிய அதே கன்று. முள்ளுக்குப் பக்கத்தில், அரிசி அளவுக்கு ஒரு முளை. முழுப் பச்சைகூட இல்லை, கொஞ்சம் செம்மை கலந்த நிறம். அடுத்ததில் இரண்டு. அதற்கடுத்ததில் இலையே விரிந்திருந்தது. தரை கொதித்துக்கொண்டிருந்தது, வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. இந்த வெயிலில் அவை எதை நம்பித் துளிர்த்தன என்பது இடுப்பளவு ஆழத்தில் மண்ணைத் தொட்டுப் பார்த்த எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் வந்த கான்ட்ராக்டர் வண்டிச் சாவியால் ஒரு தண்டைக் கீறப் போனார். "கீறாதீங்க, வெளிலயே இருக்குது" என்றார் அத்தை. அவர் ஒவ்வொரு வரிசையாக நடந்தார். கொட்டகைக்கு முன்னால் காலியாகக் கிடந்த குழிகளைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

"அது நாங்க பாசத்துல கொன்னதுங்க" என்றாள் அம்மா. "மழை வந்ததும் வெச்சிடறோம்."

அவருக்குப் புரிந்திருக்காது. விளக்கம் கேட்கவும் இல்லை. ஓரத்து உகாய்களைப் பார்த்தார், நடுவில் வன்னிகளைப் பார்த்தார், பிறகு தூரத்தில் வெறுமையாகத் தெரிந்த பக்கத்து மேட்டைப் பார்த்தார். "அங்கயும் ஒரு ஓரம் இதே மாதிரி வெள்ளையாத்தான் இருக்குது தம்பி. ஆபீசுல இதக் காட்டி அதையும் வாங்கிடறேன். மழைக்கு முன்ன குழிய ஆரம்பிச்சுடுங்க. இதே ஆளுங்க போதும்ல?"

போதும் என்று தலையை ஆட்டினேன். அவர் வண்டி இறக்கத்தில் மறைந்தது. பிறகு அத்தை கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, எதுவும் நடக்காதது மாதிரி வேப்பங்கன்றுகளின் பக்கம் நடந்தார்.

அம்மா மட்டும் கடப்பாரையைக் கையில் தூக்கி, அதன் நீளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், அடுத்த மேட்டுக்கு இத விட நீளமா ஒண்ணு வாங்கச் சொல்லுங்க. வேரு போற எடத்துக்கு இது பாதி வழியிலயே நின்னுடுது."